தேரை லில்லிக்கு வந்த புள்ளி நோய்

அந்தக் கட்டடத்தில் பதினெட்டு வீடுகள், முப்பத்தொரு பைக்குகள், ஒரு தலைவர். பைக்குகள்தான் இடத்தை அடைக்கின்றன என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அடைத்தது தலைவர். ஆள் என்னவோ ஒல்லி, பக்கவாட்டில் திரும்பினால் கதவிடுக்கில் நுழைந்துவிடுவார். வாயைத் திறந்தால் மாடிப்படி முழுக்க அவர்தான். "ஒரே ஒரு வார்த்தை சொல்லி முடிச்சிடறேன்" என்று அவர் ஆரம்பித்தால், விவரம் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார்கள்.

அவர் பல்லக்காவுக்கு அத்தான். சொந்த அக்காவின் புருஷன். அக்கா குடும்பம் இரண்டாவது மாடியில், பல்லக்கா தரைத்தளத்தின் கடைசி வீட்டில்.

பல்லக்காவின் தொழில் பொய்ப்பல் செய்வது. பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்பிவைப்பார்கள். இவள் மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாக அடுக்கி, வேகவைத்து, ராவி, மெருகு போட்டுத் திருப்பி அனுப்புவாள். பேரை யாரும் கேட்டதில்லை. கட்டடத்தில் முதல் குழந்தை "பல்லக்கா" என்று கூப்பிட்டது, கடைசிக் கிழவர்வரை அதுவே நின்றுவிட்டது.

அவள் வேலை மேஜை ஜன்னலை ஒட்டி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சந்து. பதினான்கு அடி நீளம், ஐந்தடி அகலம், இந்தப் பக்கம் இவர்கள் சுவர், அந்தப் பக்கம் அடுத்த கட்டடத்துச் சுவர். நேர்வெயில் அங்கே வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் மேலே திறந்த வானம். அதிலிருந்து நாள் முழுக்க இறங்கும் அந்தச் சாதுவான வெளிச்சத்தில்தான் பல்லின் நிறத்தைப் பார்க்க முடியும். டியூப்லைட்டில் பார்த்துப் பொருத்திய பல் வீட்டுக்குள் அழகாக இருக்கும், வெயிலில் போய்ச் சிரித்தால் அது மட்டும் தனியாக வந்து வணக்கம் சொல்லும். அந்த ஜன்னல் போனால் அவள் தொழிலில் பாதி போய்விடும்.

போன வருஷ ஆண்டுக்கூட்டத்தில் தலைவர் கை வைத்தது அதில்தான்.

"சுவருக்குச் சுவர் தகரக் கூரை. கீழே பன்னிரண்டு பைக். ஒரே ஒரு வார்த்தையில் சொன்னா, முன்னேற்றம்!"

"அத்தான், என் ஜன்னல் மேலயே கூரை வருது. வெளிச்சம் அடைஞ்சிடும்" என்றாள் பல்லக்கா.

"லைட்டு போட்டுக்கம்மா. விஞ்ஞானம் எவ்வளவோ வளர்ந்திருக்கு."

"அது தோட்டத்துக்கு விட்ட இடம். சங்க விதியில தோட்டத்துல கட்டக் கூடாதுன்னு இருக்கு."

தலைவர் சிரித்தார். சிரித்து முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்து, கூட்டத்தைப் பார்த்து மறுபடி சிரித்தார். "தோட்டமா? அங்கே பாசியே வேற வீடு பார்த்துப் போயிடுச்சு! சரி, கொழுந்தியா கேட்டுட்டா. எங்கே பூ பூக்குதோ அது தோட்டம். அடுத்த ஆண்டுக்கூட்டத்தன்னைக்கு அந்தச் சந்துல ஒரு பூ இருந்தா அது தோட்டம். இல்லேன்னா ஷெட். எழுதிக்கங்க டீச்சர்."

சங்கச் செயலாளர் கணக்கு டீச்சர். சொன்னதை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக்கொண்டார்.

பல்லக்கா ரோஜா வைத்தாள். பத்தாம் நாள் கண்ணை மூடியது. செவ்வந்தி வைத்தாள். வெயிலைத் தேடிக் கழுத்தை நீட்டி நீட்டி, கொக்கு மாதிரி ஆகிச் சாய்ந்தது. கடைசியில் அபூர்வச் செடிகளைத் தபாலில் விற்கிற ஒருவனுக்குப் போன் போட்டாள்.

"வெயில் எவ்வளவு நேரம் வரும்?" என்று கேட்டான்.

"வராது."

"காலையில கொஞ்சமாவது?"

"தம்பி, வெயில்னா அங்கே கேள்விப்பட்டதோட சரி."

"மண்ணு ஈரமா?"

"மாடிக் குழாய் ஒண்ணு ஒழுகிக்கிட்டே இருக்கு. சங்கத்துல ஆறு வருஷமா விவாதம் நடக்குது."

அந்தப் பக்கம் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. "அக்கா! எல்லாரும் எனக்குப் போன் பண்ணி வெயில் இருக்கு, வெயில் இருக்குன்னுதான் பெருமை அடிப்பாங்க. நீங்க சொல்றதைக் கேட்டா எனக்கு வாய் ஊறுது. உங்க சந்துக்குன்னே பொறந்த செடி ஒண்ணு இருக்கு. ஆசியாவோட மலைக்காட்டுல, பெரிய மரத்தடியில, ஈர இலைமக்குல வளர்றது. பேரு தேரை லில்லி. ஒரு தடவை வச்சா வருஷா வருஷம் தானே முளைக்கும். ஆனா பூக்கிறது வருஷக் கடைசியில, எல்லாச் செடியும் கடையை மூடினதுக்கு அப்புறம்தான்."

"எங்க ஆண்டுக்கூட்டமும் அப்பதான்" என்றாள் பல்லக்கா. அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. காதலித்துக் கல்யாணம் செய்தவளுக்கு அப்போதுகூட இப்படி அடித்ததாக ஞாபகம் இல்லை.

பார்சல் வந்தது. ஈரப் பாசிக்குள் சுருட்டி வைத்த ஐந்து வெள்ளை வேர்த்துண்டுகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். அவள் புருஷன் டவுன் பஸ் டிரைவர். கையில் எடுத்துப் பார்த்தான்.

"ஏம்மா, இதுவா பூக்கப்போகுது? இதை வச்சுப் பல்லு குத்தலாம்."

"கீழ வைங்க. மூச்சு விடாதீங்க அது மேல."

இலைமக்கு மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்டி, இரண்டு விரல் ஆழத்தில் புதைத்தாள். குளிர்காலம் முழுக்க சந்து சும்மா கிடந்தது. இவள் மட்டும் தினமும் போய் மண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். "பணம் போட்ட பேங்கைக்கூட மனுஷன் இப்படிப் பார்க்க மாட்டான்" என்றான் டிரைவர்.

குளிர் விலகிய முதல் வாரம். காலைத் தேநீரோடு ஜன்னலைத் திறந்தவள் "ஐயோ!" என்று கத்தினாள். டிரைவர் ஒரு கன்னத்தில் சவர நுரையோடு ஓடிவந்தான். மண்ணில் பச்சையாக ஒரு மூக்கு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மத்தியானத்துக்குள் ஐந்தும் எட்டிப்பார்த்தன. பல்லின் அகலம் அளக்கிற கவராயத்தை எடுத்துக்கொண்டு போய்த் தினமும் உயரம் அளந்தாள். மூன்று மில்லிமீட்டர் வளர்ந்த நாளில் டிரைவருக்கு இரண்டு முட்டை கிடைத்தது. அவனும் செடிக்கு வேண்டிக்கொள்ள ஆரம்பித்தான்.

தண்டு முழங்கால் உயரம் வந்து இலைகள் விரிந்தபோது ஒவ்வொன்றிலும் கரும்பச்சையாகப் புள்ளிகள், எண்ணெய் தெறித்த காகிதம் மாதிரி. பல்லக்கா பெரிதுபடுத்தும் கண்ணாடியை வைத்துப் பார்த்து அசந்துபோனாள். அவளுக்குப் புள்ளியின் அருமை தெரியும். வயசானவருக்குப் பல் கட்டினால் அவளே மெல்லிய தூரிகையால் ஒரு காப்பிக் கறை, ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரு மயிரிழை விரிசல் என்று தீட்டிவிடுவாள். புள்ளியே இல்லாத பல்லைத்தான் நாலு பேர் பொய்ப்பல் என்று கண்டுபிடிப்பார்கள்.

துரதிர்ஷ்டம் பாருங்கள், அன்றைக்கென்று சந்துப் பக்கம் வந்தார் ஸ்பிரே மாமா.

ஸ்பிரே மாமா முதல் மாடி. முப்பது வருஷம் பூச்சிமருந்து விற்று ஓய்வு பெற்றவர். அந்த முப்பது வருஷத்தில் ஆரோக்கியமான செடி ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. பார்த்தால் விற்பனை என்ன ஆவது? இப்போதும் இடுப்பில் ஒரு தெளிப்பான் இல்லாமல் அவர் படியிறங்க மாட்டார். தலைவர் மொட்டைமாடியில் வளர்க்கிற பதினோரு ரோஜாத் தொட்டிக்கு அவர்தான் குடும்ப வைத்தியர்.

"இலைப்புள்ளிக் கருகல்!" என்றார் மாமா, இலையைத் தொடாமலே.

"கருகலே இல்லையே மாமா."

"வரும். இது மூணாம் கட்டம்."

"முளை வந்தே ஒரு மாசம்தான் ஆகுது. முதல் ரெண்டு கட்டம் எப்ப நடந்துச்சு?"

"மண்ணுக்குள்ள."

"எல்லா இலையிலயும் புள்ளி ஒரே அளவுல, அழகா வரிசையா இருக்கு பாருங்க. நோய் இப்படி ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி வரிசை கட்டியா வரும்?"

"அதான் ஆபத்து. கட்டுப்பாடான நோய்!"

அரை மணியில் செய்தி இரண்டாவது மாடிக்குப் போனது. தலைவர் ரோஜாக்களை நினைத்தார். மூன்று பேர் கொண்ட அவசரக் குழு அமைத்தார். மூன்றில் ஒருவர் அவர், இன்னொருவர் ஸ்பிரே மாமா, மூன்றாமவர் ஊரில் இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: நோயுற்ற செடிகளை அன்று மாலை ஐந்து மணிக்கு வெட்டி எரிப்பது.

பல்லக்கா படியேறிப் போனாள். "வித்தவன்கிட்டயே கேட்டுட்டேன் அத்தான். இந்தச் செடிக்குப் பிறப்பே அப்படித்தானாம், வளர வளர மங்கிடுமாம்."

"விக்கிறவன் வேற என்னம்மா சொல்வான்? தன் தயிரைப் புளிப்புன்னு எவனாவது சொல்வானா?"

அக்கா சமையலறையிலிருந்து, "உங்க பேச்சை நீங்க புளிப்புன்னு ஒத்துக்கிட்டதுண்டா?" என்றாள். தலைவர் அதைக் கேட்காத மாதிரி இருந்துகொண்டார். இருபது வருஷப் பயிற்சி.

மணி ஒன்று. நாலு மணி நேரம்தான் இருந்தது. பல்லக்கா விற்றவனுக்கு மறுபடி போன் போட்டாள்.

அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, "எதை வெட்டப்போறாங்க? தண்டையா, வேரையா?" என்றான்.

"தெரியலையே."

"அக்கா, கவனமாக் கேளுங்க. தண்டை வெட்டினா வெட்டட்டும். வேர்ல மட்டும் கை வைக்க விடாதீங்க. அப்புறம் இப்பவே போயி ஒவ்வொரு தண்டுலயும் நுனியிலேருந்து ரெண்டு ரெண்டு கணுவா நறுக்கி ஈர மணல்ல குத்துங்க. பிடிச்சுக்கும். சொல்லப்போனா இளசுலயே கிள்ளிவிட்டா கிளை ஜாஸ்தியா அடிக்கும், பூவும் ஜாஸ்தி. ஆனா..."

"என்ன ஆனா?"

"பூக்கிறது ரெண்டு மூணு வாரம் தள்ளிப்போகும்."

ஆண்டுக்கூட்டம் தள்ளிப்போகாது. தலைவர் பேசக் கிடைக்கிற தேதியைத் தலைவர் தள்ளிப்போட்டதாக வரலாறு கிடையாது. ஆனாலும் அவள் நறுக்கினாள். பல்செட் வைத்து அனுப்புகிற பிளாஸ்டிக் டப்பாக்களில் ஈர மணலை நிரப்பி, பன்னிரண்டு துண்டுகளைக் குத்தி, மேஜைக்குக் கீழே பிளாஸ்டர் மூட்டைக்குப் பின்னால் ஒளித்தாள். மூடியில் பழக்க தோஷத்தால் "மேல்தாடை" என்று எழுதிவிட்டாள்.

ஐந்து மணிக்கு விழா தொடங்கியது. ஆம், விழாதான். தலைவர் வெள்ளைச் சட்டை, கையில் ரிப்பன் வெட்டுகிற புதுக் கத்திரி. நோய்த்தடுப்பின் வரலாறு பற்றி ஒரே ஒரு வார்த்தை, இருபது நிமிஷம். பிறகு கத்திரியோடு சந்துக்குள் வந்தார். மண் சொதசொதவென்றிருந்தது. செருப்பைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், முதுகு பிடித்துக்கொண்டால் மரியாதை போய்விடும். நின்ற நிலையிலேயே கையை நீட்டி, எட்டிய மட்டும் சதக் சதக்கென்று வெட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு சாண் அடித்தண்டு மிஞ்சியது.

"வேரை நான் பார்த்துக்கறேன் அத்தான்" என்றாள் பல்லக்கா. "உங்க சட்டை அழுக்காயிடும்."

"பொறுப்புள்ள பெண்!" என்றார் தலைவர். பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் அவள் சொன்னாள். இன்றுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஸ்பிரே மாமா வெட்டியதை எரித்து, மிச்சத்துக்கு மருந்தடித்தார், அவள் அவர்கள் படியேறியதும் இருபது வாளித் தண்ணீர் ஊற்றி அலசினாள். போகும்போது தலைவர் சந்தின் வாயில் ஒரு பலகையைக் கட்டித் தொங்கவிட்டார்: தொற்று அபாயம். உள்ளே நுழையக் கூடாது. உத்தரவு, தலைவர்.

தோட்டக்கலையில் அவர் செய்த மிகச் சிறந்த காரியம் அந்தப் பலகைதான். அதற்குப் பிறகு ஏழு மாசம் ஒரு ஜீவன் அந்தச் சந்தை எட்டிப்பார்க்கவில்லை. சந்தைப் பார்த்து இருந்தவை குளியலறைகளின் மங்கல் கண்ணாடி ஜன்னல்கள். திறந்த ஜன்னல் என்று இருந்தது பல்லக்காவுடையது ஒன்றுதான்.

இரண்டாம் வாரம் வெட்டுப்பட்ட தண்டு ஒவ்வொன்றிலும் மூன்று முளை. அவளுக்குக் கை தட்டத் தோன்றியது, தட்டினால் மேலே கேட்கும் என்று தொடையைத் தட்டிக்கொண்டாள். மூன்றாம் வாரம் "மேல்தாடை" டப்பாவில் ஒரு துண்டை இலேசாக இழுத்துப் பார்த்தாள், வரமாட்டேன் என்றது. வேர் பிடித்துவிட்டது! பன்னிரண்டில் பத்து. டிரைவர் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்துவந்து பார்த்து, "பத்துப் பேரு புதுசா வண்டியில ஏறியாச்சு" என்றான். சாமான்களுக்கு இடையில், யாரோ ஒருவரின் கீழ்வரிசைப் பல்லுக்குப் பக்கத்தில், பத்துப் புள்ளிக் கன்றுகள் நின்றன.

கொஞ்சம் வளர்ந்ததும் அவற்றையும் சந்தில் நட்டாள். மழைக்காலத்தில் நத்தைகள் வந்தன. விடியற்காலை ஐந்தரைக்கு டிரைவர் ஒரு டப்பாவும், அவள் பல் பிடிக்கிற இடுக்கியுமாக இறங்குவார்கள். "நாற்பத்தேழு" என்பான் அவன், பஸ்ஸில் தலை எண்ணுகிற குரலில். அக்காவுக்கு விஷயம் எப்போதோ தெரிந்துவிட்டது. குப்பை கொட்ட வருகிறமாதிரி வந்து, பலகைக்குக் கீழே குனிந்து நுழைந்து, முட்டைஓட்டுத் தூளைத் தூவிவிட்டு, "அவருகிட்ட சொல்ல மாட்டேன்டி. சொன்னாலும் அவர் எங்கே கேட்கப்போறார், பேசிக்கிட்டுல்ல இருப்பார்" என்பாள்.

ஐந்து தண்டு இருந்த இடத்தில் இப்போது நாற்பது. இடுப்பளவு உயரம். புள்ளிகள் மங்கி, இலை ஏணிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போனது. எல்லாம் சரி, மொட்டைக் காணோம்.

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு இலைக்கும் தண்டுக்கும் நடுவில் மிளகு அளவில் ஒன்று தெரிந்தது. பல்லக்கா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் ஒன்பது. அடுத்த வாரம் எண்ணிக்கை விட்டுப்போனது. அதே வாரம் வாசலில் தகர ஷீட்டும் இரும்புக் குழாயும் வந்து இறங்கின. வெல்டிங் வைக்கிறவன் கூட்டம் முடிந்த மத்தியானமே வருவதாக ஏற்பாடு.

அப்புறம் குளிர் ஒரு வாரம் முன்கூட்டியே வந்து தொலைந்தது. "உறைபனி விழுந்தா மொட்டு கறுத்துடும் அக்கா, மூடி வையுங்க!" என்று விற்றவனே போன் செய்தான். இப்போதெல்லாம் அவன்தான் தினமும் கூப்பிட்டான். டிரைவர் டிப்போவிலிருந்து பெரிய தார்ப்பாய் கடன் வாங்கிவந்தான். பல்செட் வேகவைக்கிற பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, பாட்டில்களில் ஊற்றி, செடிகளுக்கு நடுவே வைத்தாள். தார்ப்பாய்க்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று இருந்தது, கைக்குழந்தையின் போர்வை மாதிரி.

கூட்டத்து ஞாயிறு விடிந்தது. மொட்டுகள் உப்பி, நுனி வெளுத்து, புள்ளிகள் வெளியே தெரிய, இதோ இதோ என்று நின்றன. எட்டு மணிக்குத் திறக்கவில்லை. ஒன்பதுக்கும் இல்லை. பத்தரைக்கு அக்கா கூப்பிட்டாள்: "எல்லாரும் ஹாலுக்கு வந்தாச்சுடி. பதினொண்ணுக்கு ஆரம்பிச்சா பன்னிரண்டுக்கெல்லாம் முடிச்சுடுவேங்கறார். பல்லுவலியாம், இன்னைக்குச் சுருக்கமாப் பேசப்போறாராம்."

இருபது வருஷமாக ஒருநாளும் சுருங்காத மனுஷன் இன்றைக்கா சுருங்க வேண்டும்!

"ஏங்க, நீங்க இங்கயே நில்லுங்க. ஒண்ணு பிரிஞ்சாலும் மேல ஓடி வாங்க" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள்.

தலைவர் கன்னத்தில் கை வைத்தபடி ஆண்டறிக்கையைப் பத்து நிமிஷத்தில் முடித்தார். கூட்டம் நம்ப முடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. சிலர் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். "அடுத்து, ஷெட்" என்றார்.

பல்லக்கா கையைத் தூக்கினாள். "அத்தான்... தலைவர் அவர்களே! தண்ணித்தொட்டி கழுவினதை ஒரு வரியில முடிச்சிட்டீங்களே. அதுல உங்க பங்கு என்னன்னு சபைக்குத் தெரிய வேண்டாமா?"

பின்வரிசையில் யாரோ "ஐயோ, கொல்றாளே" என்று முனகினார்கள்.

தலைவர் தயங்கினார். வலி ஒரு பக்கம் இழுத்தது, தொட்டி ஒரு பக்கம் இழுத்தது. தொட்டி ஜெயித்தது. "நல்ல கேள்வி" என்றார். முழுசாக ஒரு மணி நேரம். தொட்டியின் பிறப்பு, வளர்ப்பு, உள்ளே அகப்பட்ட பந்து.

பன்னிரண்டே கால். வாசலில் டிரைவரைக் காணோம். பல்லக்கா மறுபடி கையைத் தூக்கினாள். "லிஃப்ட்டுக்கு நீங்க எழுதின கடிதங்களைப் படிச்சுக் காட்டினா, வருங்காலத் தலைமுறைக்குப் பிரயோசனமா இருக்கும்."

"எத்தனை கடிதம்?" என்று டீச்சர் நடுங்கிக்கொண்டே கேட்டார்.

"பதினாலு" என்றார் தலைவர். பல்வலி எங்கே போனதோ. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

கூட்டம் பல்லக்காவைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றி எரியும். அக்கா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பதினோராம் கடிதம், "மேற்கண்ட எனது பத்தாம் கடிதத்துக்கு" என்ற இடத்தில், படியில் தடதடவென்று சத்தம். டிரைவர் மூச்சிரைக்க வாசலில் நின்றான்.

"சகலை, நிறுத்துங்க! பூத்தாச்சு! ஒண்ணு முழுசா! எல்லாரும் வாங்க, வண்டி கிளம்பப்போகுது!"

பதினோராம் கடிதத்திலிருந்து தப்பிக்கிற வேகத்தில் பதினெட்டு வீடும் படியிறங்கியது. தலைவர் கடைசியில் வந்தார், கையில் மிச்ச மூன்று கடிதங்களோடு. பலகைக்கு முன்னால் எல்லோரும் பழக்கத்தில் நின்றார்கள். அக்கா அதைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினாள்.

சந்து இருந்த இடத்தில் காடு இருந்தது. இடுப்பளவு பச்சை, வில்லாக வளைந்த நாற்பது தண்டு, இலைக்கு இலை மொட்டு. நடுவில் ஒரே ஒரு பூ. ஆறு இதழ், பால் வெள்ளை, அதன் மேல் கத்தரிப்பூ நிறத்தில் வாரி இறைத்த புள்ளிகள், நடுவில் ஒரு குட்டி நீரூற்று எழும்பிக் கிளை கிளையாக விழுகிற மாதிரி மகரந்தம். பேசாத கூட்டம் அந்தக் கட்டடத்தில் அதுவே முதல்.

ஸ்பிரே மாமா முன்னால் வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பூவுக்கும் பரவிடுச்சு!"

முதலில் சிரித்தது டீச்சர். அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று சொல்வதுதான் சுலபம்: மாமாவும் தலைவரும்.

"சபையோர் கவனிக்கணும்" என்றார் தலைவர். "நோயுள்ள பூ பூவாகாது. ஆகவே ஷெட்..."

டீச்சர் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினார். "'ஒரு பூ இருந்தா அது தோட்டம்.' இவ்வளவுதான் இருக்கு. பூவோட உடம்பு நிலைமை பத்தி நீங்க எதுவும் சொல்லலை."

எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், பூவை, பிறகு அவரை. இந்த மனுஷனை இப்படியே விட்டால் அடுத்த வாரமே ஒரு திருத்தம், ஒரு குழு, ஒரு கத்திரி கொண்டுவருவார் என்று பல்லக்காவுக்குத் தெரியும்.

"எப்படிம்மா இவ்வளவு அடர்த்தியா வந்துச்சு?" என்று மூன்றாவது மாடிக்காரர் கேட்டார்.

"எல்லாம் தலைவரோட வேலை" என்றாள் பல்லக்கா சத்தமாக. "இளசா இருக்கும்போதே சரியான உயரத்துல வெட்டிவிட்டார். அவர் வெட்டலைன்னா அஞ்சு தண்டுதான். ஒண்ணுக்கு மூணு, மூணுக்கு இன்னும் ரெண்டுன்னு அடிச்சுது பாருங்க. அப்புறம் யாரும் மிதிக்காம பலகையும் அவர்தான் வச்சார்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. டிரைவருக்கு இருமல் வந்தது, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தலைவர் மெதுவாக நிமிர்ந்தார். காற்றுப்போன டியூபில் பம்ப் வைத்த மாதிரி மார்பு எழும்பிக்கொண்டே வந்தது. "நான்... திட்டமிட்டேன்" என்றார். பிறகு அதை அவரே நம்பிவிட்டார். "கவாத்து! ஒரே ஒரு வார்த்தையில் சொன்னா, கவாத்து!"

"அப்படியே எழுதிக்கறேன்" என்றார் டீச்சர். "தலைவர் கவாத்து செய்து உருவாக்கிய சங்கத் தோட்டம். நிரந்தரம். கையெழுத்து போடுங்க."

போட்டார். தேதியோடு, பட்டத்தோடு, கீழே இரண்டு கோடு இழுத்து. தகர ஷீட்டைத் திருப்பி எடுத்துப்போகச் சொல்லி வாசலுக்கு ஆள் போயிற்று. தலைவர் சந்தின் நடுவில் சட்டையில் சேறு தெறிக்க நின்று, மலைக்காட்டுச் செடிகளைப் பராமரிக்கும் முறை பற்றித் தொடங்கியிருந்தார். ஸ்பிரே மாமா முதல் வரிசையில் நின்று தலையாட்டினார்.

அக்கா தங்கையின் இடுப்பில் இடித்தாள். "ஏன்டி, பாடுபட்டது நீ. மொத்தப் பேரையும் அந்த மனுஷன் தலையில கட்டிட்டியே. வீட்டுல என்னால தாங்க முடியுமா?"

"பேரை வச்சுக்கட்டும்க்கா. ஜன்னல் என்கிட்ட இருக்கு."

"இனிமே தினமும் வந்து நின்னு பேசுவார், தெரியும்ல?"

"வரட்டும். தண்ணி ஊத்தச் சொல்றேன்."

அக்கா என்னவோ பதில் சொன்னாள். பல்லக்காவுக்கு அது விழவில்லை. தலைவரின் முழங்கைக்குப் பின்னால், யாரும் பார்க்காத ஒரு கிளையில், வெளுத்த மொட்டு ஒன்றின் நுனி இலேசாக அசைந்தது. ஒரு இதழ் விலகியது. அவள் தலைவரின் தோளைத் தொட்டாள்.

"தள்ளுங்க அத்தான், தள்ளுங்க! அடுத்தது பிரியுது!"